சங்குப்பூவும் ரூசோவின் குடையும்

எங்கள் ஊரின் புறவழிச்சாலையைத் தாண்டி ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருக்கிறது. அதன் தலைமையாசிரியை என்னோடு கல்லூரியில் படித்தவள். சென்ற ஆண்டு ஜூன் மாதம் போன் செய்து, "நீதான் மாடி பூரா தொட்டி வச்சிருக்கியே, சனிக்கிழமை ஒரு மணி நேரம் வந்து ஆறாங்கிளாஸ் பிள்ளைங்களுக்குச் செடி கொடியப் பத்திச் சொல்லிக்குடேன்" என்றாள். நான் படித்தது இலக்கியம். தாவரவியல் பன்னிரண்டாம் வகுப்போடு சரி. என் மாடியில் இருப்பவற்றில் பாதி தானாக முளைத்தவை. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். காரணம் கொஞ்சம் அசட்டுத்தனமானது. அந்த மாதம்தான் ரூசோ எழுதிய தாவரவியல் கடிதங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். படித்த சூட்டோடு அதை யாரிடமாவது பரீட்சித்துப் பார்க்க வேண்டும் என்று கை பரபரத்தது.

அந்தக் கடிதங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அந்த இருபத்தேழு பிள்ளைகளை விட்டுவிட்டு அவற்றைப் பற்றி இனி என்னால் பேச முடியாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

குழந்தை, தோட்டம், ரூசோ என்றதும் படித்தவர்களுக்கு நினைவு வருவது 1762இல் வெளிவந்த 'எமீல்' நூலின் மொச்சைக் கதை. சிறுவன் எமீல் தன் ஆசிரியரோடு சேர்ந்து தோட்டத்தில் மொச்சை விதைக்கிறான். தினமும் தண்ணீர் ஊற்றுகிறான். முளை கிளம்புவதைப் பார்த்துப் பூரித்துப் போகிறான். இது உன்னுடையது, உன் உழைப்பு இதில் இருக்கிறது என்று ஆசிரியர் சொல்லச் சொல்ல அவன் மகிழ்ச்சி கூடுகிறது. ஒருநாள் போய்ப் பார்த்தால் எல்லாம் பிடுங்கப்பட்டுக் கிடக்கிறது. ஒரே அழுகை, ஆத்திரம். பிடுங்கியவர் தோட்டக்காரர் ரொபேர். அவரைக் கூப்பிட்டு நியாயம் கேட்டால் அவர் திருப்பிக் கேட்கிறார்: நான் இந்த இடத்தில் கிடைத்தற்கரிய மால்ட்டா முலாம்பழ விதை போட்டிருந்தேன், அதைக் கெடுத்தது யார்? கடைசியில் சமாதானம் ஆகிறது. எமீலுக்குத் தோட்டத்தில் ஒரு மூலை கிடைக்கிறது. என் முலாம்பழத்தில் கை வைத்தால் உன் மொச்சையை மறுபடி உழுதுவிடுவேன் என்ற எச்சரிக்கையும் கூடவே கிடைக்கிறது.

கதையாக இது அபாரம். பிள்ளையின் அழுகை உண்மை, தோட்டக்காரரின் கோபம் அதைவிட உண்மை. ஆனால் படித்து முடித்ததும் ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கதையில் மொச்சையை யாரும் பார்க்கவே இல்லை. அது மண்ணைப் பிளந்து எப்படி வந்தது, முதலில் வந்தது வேரா இலையா, மொச்சைக்குள் என்ன இருந்தது, ஒன்றும் கிடையாது. பாடம் உடைமையைப் பற்றியது. மொச்சையை எடுத்துவிட்டுக் கோழிக்குஞ்சை வைத்தாலும் பாடம் அப்படியே நிற்கும்.

பிள்ளைகளுக்காகச் செடிகளைப் பற்றி எழுதப்படுபவற்றில் பெரும்பாலானவை இன்றுவரை இந்த மொச்சைக் கதையின் பிள்ளைகள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. விதை என்றால் பொறுமை. மரம் என்றால் தியாகம். வெட்டினால் மரம் அழும், தண்ணீர் ஊற்றுகிற பிள்ளை நல்ல பிள்ளை. நான் யாரையும் குறை சொல்லவில்லை. நானே ஒரு காலத்தில் சிறுவர் இதழ் ஒன்றுக்கு வேப்பமரம் பேசுகிற கதை எழுதியிருக்கிறேன். வேப்பமரம் இரண்டு பக்கம் நன்றி, துரோகம் என்று பேசியது. தன் பூவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எழுதியவளுக்குத் தெரிந்தால்தானே மரத்துக்குத் தெரியும்!

பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகம் இதற்கு எதிர்த் திசையில் போகிறது. போய்ச் சேருகிற இடம் என்னவோ ஒன்றுதான். மூன்று மொச்சைப் பரிசோதனை எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரு குச்சியில் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்று விதைகளைக் கட்டி, நடு விதை பாதி நனைகிற அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும். மேலே உள்ளதற்கு நீர் இல்லை, அடியில் உள்ளதற்குக் காற்று இல்லை, நடுவில் உள்ளது மட்டும் முளைக்கும். நான் படித்தபோது எங்கள் கண்ணாடி டம்ளரில் அடியில் இருந்த விதையும் லேசாக வாய் பிளந்து வெள்ளையாக வேர் நீட்டியது. நோட்டில் என்ன எழுதுவது என்று கேட்டோம். "புக்குல உள்ளபடி எழுதுங்க" என்று பதில் வந்தது. தண்ணீரிலும் கொஞ்சம் ஆக்சிஜன் கரைந்திருக்கும், மொச்சை வாயைத் திறக்க அது போதும், அதற்குமேல் வளரத்தான் போதாது என்பதை நான் தெரிந்துகொண்டபோது எனக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. கதையில் மொச்சை நீதிக்குச் சாட்சி என்றால் பரிசோதனையில் அது விடைக்குச் சாட்சி. இரண்டிலும் அது வாயைத் திறக்கக் கூடாது.

இனி கடிதங்கள்.

1771இல் ரூசோ பாரிஸில் இருக்கிறார். வயது ஐம்பத்தொன்பது. 'எமீல்' எரிக்கப்பட்டு, அவர் நாடு நாடாக ஓடித் திரும்பியாகிவிட்டது. இசைத்தாள்களைப் பார்த்து நகலெடுத்துக் கொடுத்து அந்தக் கூலியில் வாழ்கிறார். எழுத்து அலுத்துவிட்டது, மனிதர்களோ அதற்கும் முன்பே அலுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்த ஒரே ஆசை செடிகள். லியோன் நகரத்து டெலஸேர் அம்மையார் என்ற பழைய சிநேகிதி, தன் நான்கு வயது மகள் மதலோனுக்குச் செடிகளைக் காட்டிக்கொடுக்க வழி சொல்லுங்கள் என்று கேட்கிறார். அந்த ஆண்டு ஆகஸ்டில் முதல் கடிதம் போகிறது. 1774க்குள் எட்டுக் கடிதங்கள். அவர் இறந்த பிறகே அச்சாயின.

ஒரு முரணையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தனக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளையும் அநாதை விடுதிக்கு அனுப்பியவர் இவர். ஊரார் பிள்ளைக்கு இவ்வளவு பொறுமையாக அல்லிப்பூவை விளக்குகிற கை அது. நான் இதை மறந்துவிட்டுப் படிக்க முயன்றேன், முடியவில்லை. நீங்களும் மறக்க வேண்டாம்.

முதல் கடிதத்திலேயே 'எமீல்' எழுதியவர் காணாமல் போய்விடுகிறார். நீதி இல்லை, உடைமை இல்லை. ஒரு அல்லிப்பூவைக் கையில் எடுத்துக்கொள் என்கிறார். மொட்டாக இருக்கும்போது நுனி பச்சை, மலர மலர வெளுக்கிறது, பார். எத்தனை இதழ் என்று எண்ணு. நடுவில் நிற்பது என்ன, அதைச் சுற்றி நிற்பவை எத்தனை? பெயர்கள் வருகின்றன, ஆனால் பொருளைப் பார்த்த பிறகு ஒவ்வொன்றாக வருகின்றன. ஒரு செடியின் பெயர்கூடத் தெரியாமல் ஒருவர் பெரிய தாவரவியலாளராக இருக்க முடியும் என்று தான் எப்போதும் நம்பிவந்ததாக எழுதுகிறார். அந்தக் காலத்தில் இது சாதாரண வார்த்தை அல்ல. லின்னேயஸின் பெயர் வைக்கும் முறை ஐரோப்பாவையே பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. ரூசோ லின்னேயஸின் பரம பக்தர் வேறு. ஆனாலும் குழந்தைக்கு முதலில் கண், பிறகுதான் பெயர் என்பதில் அவர் அசையவில்லை. அதே கடிதத்தில் வெங்காயம், பூண்டு எல்லாம் அல்லியின் சொந்தக்காரர்கள் என்று போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார். சமையற்கட்டில் கிடக்கிற வெங்காயத்தைச் சட்டென்று வேறு ஒரு வெளிச்சத்தில் பார்க்கவைக்க ஒரு வரி போதுமாக இருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது கடிதங்களுக்கு இடையே உள்ள இடைவெளி. முதல் கடிதம் ஆகஸ்டில், இரண்டாவது அக்டோபரில், மூன்றாவது அடுத்த மே மாதம். பனிக்காலத்தில் பூ இல்லை, ஆகவே பாடமும் இல்லை. பூக்கிற வரைக்கும் தாயும் மகளும் வாத்தியாரும் சும்மா இருக்கிறார்கள். காலாண்டு, அரையாண்டு என்று பழகிய நமக்கு இந்தச் சும்மா இருத்தல் பெரிய சவுகரியமாகத் தெரிகிறது. கூடவே, இது யாருக்குக் கிடைக்கும் என்ற எரிச்சலும் வருகிறது. ஒரு தாய், ஒரு மகள், ஒரு தோட்டம், வங்கி வைத்திருக்கிற குடும்பம். செடியைப் பிடுங்கிப் பார்க்கலாம், நாளைக்குச் சோற்றுக்கு அது தேவைப்படாது.

இரண்டாவது கடிதத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது: அடுக்குப்பூவை ஆராயாதே, மனிதர்கள் தங்கள் ரசனைக்காகச் சிதைத்த பூ அது, இயற்கை அதில் இல்லை. நம் வகுப்பறைகளுக்கு இதைவிட உபயோகமான வரி கிடையாது. பூவின் பாகங்கள் பாடத்துக்குச் செம்பருத்தி கொண்டு வரச் சொல்வார்கள். ஐந்தாறு பேர் வீட்டில் இருக்கிற அடுக்குச் செம்பருத்தியைக் கொண்டு வருவார்கள். மகரந்தத் தாள்களில் பல இதழாக மாறிப்போயிருக்கும். புத்தகத்துப் படத்தில் இருக்கிற குழாய் அதில் சரியாக இருக்காது. பிள்ளை தேடித் தேடிப் பார்த்துவிட்டுத் தனக்குத்தான் அறிவு இல்லை என்று நினைத்துக்கொள்ளும். நான் அப்படி நினைத்த பிள்ளை.

ஆறாவது கடிதம் கூட்டுப்பூவைப் பற்றியது. புல்வெளியில் மிதிபடுகிற சின்ன டெய்சிப் பூ ஒன்றை எடுத்து, இது ஒரு பூ என்றா நினைக்கிறாய், இருநூறு முந்நூறு பூக்கள் இதில் இருக்கின்றன என்று காட்டுகிறார். வெள்ளை இதழ் என்று நாம் நினைப்பது ஒவ்வொன்றும் ஒரு முழுப் பூ, நடுவில் உள்ள மஞ்சள் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு பூ. நான் பிள்ளைகளுக்கு இதை வரப்பில் கிடக்கிற மூக்குத்திப் பூவில் காட்டினேன். ஊசியால் குத்தி ஒரு மஞ்சள் புள்ளியைப் பிரித்து உள்ளங்கையில் வைத்ததும் அரை நிமிஷம் வகுப்பில் சத்தமே இல்லை. பிறகு ஒருவன், "அப்ப சாமி படத்துக்குப் போடுற சாமந்தி மாலையில எத்தன பூ மிஸ் இருக்கும்?" என்றான். இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

மருந்து என்ற பேச்சை ரூசோ சுத்தமாக வெறுத்தார். கடைசிக் காலத்தில் எழுதிய 'தனிமை நடையாளனின் கனவுகள்' நூலில் ஏழாவது நடை முழுக்க இந்த ஆத்திரம்தான். புல்வெளியைப் பார்த்தாலே கஷாயத்துக்கும் எனிமாவுக்கும் மூலிகை தேடுகிறார்கள், செடி தன்னளவில் பார்க்கத் தகுந்தது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை என்று புலம்புகிறார். இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். நம் வாட்ஸாப் குழுக்களை அவர் பார்க்கவில்லை! எந்தச் செடியைக் காட்டினாலும் நம் வாயில் முதலில் வருவது, "இது எதுக்கு நல்லது?" என்ற கேள்விதான். சங்குப்பூ என்றால் ஞாபக சக்திக்கு, ஆவாரம்பூ என்றால் சர்க்கரைக்கு. பதில் கிடைத்ததும் செடியின் வேலை முடிந்தது.

ஆனாலும் இந்த இடத்தில் ரூசோவோடு முழுசாக உடன்பட என்னால் முடியவில்லை. என் பாட்டிக்கு ஒரு பூவின் பாகமும் தெரியாது. வயலோரத்தில் குனிந்து நடந்துகொண்டே முள்ளுக்கீரையையும் குப்பைக்கீரையையும் கை தனித்தனியாகப் பிரிக்கும். கணுவில் முள் இருக்கிறதா என்று அவர் பார்த்ததில்லை, விரலுக்கே தெரிந்திருந்தது. பசியில் பழகிய கண் அது. உபயோகத்தின் வழியாக வந்த பார்வையைத் தாழ்வு என்று சொல்ல, அடுத்த வேளைக்குக் கவலையில்லாதவர்களால்தான் முடியும். 'எமீல்' கதையில்கூடச் செடியை உண்மையில் அறிந்த ஒரே ஆள் ரொபேர்தான். எந்த விதை அரிது, எந்த மண்ணில் எது வரும் என்று அவருக்குத் தெரியும். அந்த அறிவை யாரும் அவரிடம் கேட்கவில்லை. சொத்து யாருடையது என்று மட்டும் கேட்கிறார்கள்.

'டோட்டோ-சான்' புத்தகத்தில் கொபயாஷி அதைக் கேட்கிறார். பக்கத்து வயலில் இருந்த விவசாயியைக் கூட்டிவந்து, இவர்தான் இன்று உங்கள் ஆசிரியர் என்று பிள்ளைகள் முன் நிறுத்துகிறார். தான் வாத்தியார் இல்லை என்று கூச்சப்படுகிற மனிதரை அவர் விடுவதில்லை. அந்த விவசாயி முதலில் களை எடுக்கச் சொல்கிறார், ஏன் எடுக்க வேண்டும் என்றும் சொல்கிறார். நம் ஆசிரியர்கள் பலரும் அந்த நூலைக் கொண்டாடுகிறார்கள், ரயில் பெட்டி வகுப்பறையைப் பற்றிப் பேசாத கூட்டமில்லை. களை எடுத்த பகுதியைப் பற்றி மட்டும் அதிகம் பேச்சில்லை. அதைச் செய்தால் சீருடை அழுக்காகும்.

ரூசோவுக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ஐந்தாவது கடிதத்தில் அவரே சமையலறைக்குள் வந்துவிடுகிறார். குடைபோலப் பூக்கொத்து விரிகிற குடும்பத்தை அதில் விளக்குகிறார். நம் கொத்தமல்லி, சீரகம், சோம்பு எல்லாம் அந்த வகைதான். வளர்ந்த கொத்தமல்லியைப் பூக்க விட்டவர்களுக்கு அந்தக் குடை தெரிந்திருக்கும். அவர் ஊர்த் தோட்டங்களில் பார்ஸ்லிக்கு நடுவே அதே முகஜாடையில் ஒரு விஷச்செடி முளைக்கும். தெரியாமல் சேர்த்துச் சமைத்தால் ஆபத்து. அதைக் கண்டுபிடிக்க, பூக்கொத்தின் அடியில் கீழ்நோக்கித் தொங்குகிற சிறு இலைகளைப் பார் என்று அடையாளம் சொல்கிறார். அந்த ஒரு பக்கத்தில் அவருடைய கண்ணும் என் பாட்டியின் விரலும் ஒரே வேலையைச் செய்கின்றன. எட்டுக் கடிதங்களில் சிறந்த பக்கம் அதுதான் என்பேன்.

இந்தக் கடிதங்களுக்குப் பிறகு நேர்ந்த கதியையும் சொல்ல வேண்டும். 1785இல் கேம்பிரிட்ஜின் தாவரவியல் பேராசிரியர் தாமஸ் மார்ட்டின் இவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். நான் படித்தது அந்தப் பழைய பதிப்பின் ஸ்கேன்தான். எஸ் எழுத்தெல்லாம் எஃப் மாதிரி அச்சாகியிருக்கும், முதல் பத்துப் பக்கம் திக்கித் திக்கித்தான் படிக்க முடியும். பேராசிரியருக்கு எட்டுக் கடிதம் போதவில்லை. லின்னேயஸின் முறையை முழுசாக விளக்க வேண்டாமா? தன் பங்குக்கு இருபத்து நான்கு கடிதங்கள் எழுதிச் சேர்த்துவிட்டார். புத்தகம் பெரிய வெற்றி, பல பதிப்புகள் கண்டது. அந்த இருபத்து நான்கில் தவறு ஒன்றும் இல்லை, எல்லாம் சரியான தகவல்கள். ஆனால் ஒன்பதாவது கடிதத்தில் நுழைந்ததுமே கையில் இருந்த பூ நழுவிவிடுகிறது. வகுப்பு, வரிசை, பட்டியல். சிலபஸ் பிறந்த கதை அது. நம் புத்தகங்களில் எட்டும் இல்லை, இருபத்து நான்கு மட்டும் இருக்கிறது.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

மூன்றாவது கடிதம் பட்டாணிப்பூவைப் பற்றியது. ரூசோ மிக உருகி எழுதிய கடிதம் இது. பூவின் மேலே பெரிதாக நிற்கும் ஒற்றை இதழ், அதாவது நம் புத்தகங்கள் கொடி அல்லி என்று சொல்வது, மழைக்கும் காற்றுக்கும் பிடித்த குடை. கண்ணையும் மனதையும் மூடிக்கொண்டவருக்குத்தான் அது குடை என்று தெரியாமல் போகும் என்கிறார். அதற்குக் கீழே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறகு அல்லிகள். அவற்றையும் விலக்கினால் படகு போன்ற கடைசி இதழ். அந்தப் படகுக்குள்தான் மகரந்தத் தாள்களும் வருங்காலப் பட்டாணியும் பத்திரமாக இருக்கின்றன. ஒவ்வொரு கதவாகத் திறந்து கடைசி அறையில் தொட்டிலைக் காட்டுவதுபோல எழுதியிருக்கிறார். படித்தபோது எனக்குக் கண் கலங்கியது நிஜம்.

எங்கள் சமவெளியில் பட்டாணிப்பூவுக்கு எங்கே போவது? பட்டாணி மூட்டையில்தான் வருகிறது. பள்ளிக்கூட வேலியில் சங்குப்பூ நீலமாகப் பூத்துக் கிடந்தது. அதே குடும்பம், அதே அமைப்பு. ஆளுக்கு இரண்டு பறிக்கச் சொன்னேன். அடுக்குச் சங்குப்பூ கொண்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன், ரூசோவின் சிஷ்யை அல்லவா. பிறகு கடிதத்தில் உள்ள வரிசைப்படி ஆரம்பித்தேன். "பெரிய இதழ் ஒண்ணு மேல இருக்கு பாருங்க. அது என்ன வேலை செய்யுது? குடை மாதிரி உள்ள இருக்கறதைக் காப்பாத்துது."

இரண்டாவது வரிசையில் இருந்த ஒரு பெண், "மிஸ், குடை கீழல்ல இருக்கு?" என்றாள்.

"பூவைத் தலைகீழாப் பிடிச்சிருக்கம்மா. திருப்பிப் பிடி" என்றேன்.

அவள் திருப்பிப் பிடித்தாள். பாடம் தொடர்ந்தது. சிறகு, படகு, உள்ளே மகரந்தம். எல்லோரும் படம் வரைந்தார்கள். மணி அடித்து நான் கிளம்பும்போது அவள் வந்து என் சேலைத் தலைப்பைத் தொட்டு, "மிஸ், ஒரு நிமிஷம் வேலிக்கு வாங்க" என்றாள். போனேன். கொடியில் இருந்த பூவை விரலால் தொடாமல் காட்டினாள். பெரிய இதழ் கீழேதான் இருந்தது. பக்கத்துப் பூ, அதற்கடுத்த பூ, வேலி முழுக்க. குடை கீழே மல்லாந்து கிடக்க, காக்கப்பட வேண்டிய படகு மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஐம்பது வருஷமாக நான் பார்த்துவருகிற பூ அது. ஒவ்வொரு விநாயகர் சதுர்த்திக்கும் பறித்திருக்கிறேன்.

பிறகு தேடிப் படித்தேன். சங்குப்பூ தன் குடும்பத்து வழக்கத்துக்கு மாறாகத் தலைகீழாகத் திரும்பி நிற்கிற பூ. கீழே இருக்கிற பெரிய இதழ் தேனீ வந்து இறங்குவதற்கான திண்ணை. நடுவில் உள்ள வெள்ளைத் திட்டு வழிகாட்டி. திண்ணையில் இறங்கித் தேனுக்குத் தலையை நுழைக்கும்போது மேலே இருக்கிற மகரந்தம் அதன் முதுகில் ஒட்டும். ரூசோ இந்தப் பக்கமே போகவில்லை. அவருடைய பூ ஒரு கோட்டை. மழை, காற்று என்ற எதிரிகளிடமிருந்து அது வாரிசைக் காக்கிறது. பூ என்பது பூச்சியைக் கூப்பிடுகிற கடை, நிறமும் கோடும் அதன் விளம்பரம் என்று விரிவாக விளக்கிக் கிறிஸ்டியன் கொன்ராட் ஸ்ப்ரெங்கெல் நூல் எழுதியது 1793இல். மூன்றாவது கடிதம் எழுதப்பட்டு இருபத்தொரு ஆண்டுகளுக்குப் பிறகு. ஸ்ப்ரெங்கெலும் ஒரு பள்ளித் தலைமையாசிரியர்தான். தன் காலத்தில் யாரும் அவரைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

அப்படியானால் மூன்றாவது கடிதம் பொய்யா? நான் பல நாள் இதை யோசித்தேன். பட்டாணிக்குக் குடை மேலேதான் இருக்கிறது, அவர் பார்த்தது பொய்யில்லை. எதற்காக இருக்கிறது என்று சொன்ன இடத்தில்தான் வழுக்கினார். பார்க்கக் கற்றுக்கொடுத்த மனிதர் ஒரு கணம் பார்ப்பதை நிறுத்திவிட்டு வியக்கத் தொடங்கிவிட்டார். வியப்பு வந்ததும் 'எமீல்' எழுதிய பழைய வாத்தியார் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடுகிறார். பூ மறுபடியும் ஒன்றுக்குச் சாட்சியாகிறது, இம்முறை இயற்கையின் கருணைக்கு. அந்தக் கடிதத்தில் நான் கண் கலங்கிய இடமும் சரியாக அதுதான் என்பது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

ஆனால் அந்தப் பெண்ணின் கண்ணில் அது பட்டது எப்படி? இதழ் இதழாக, மேல் கீழ் பார்த்து, ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது என்று கவனிக்கச் சொன்னது அதே கடிதம்தான். வெறுமனே கொடி அல்லி ஒன்று, சிறகு அல்லி இரண்டு என்று எழுதிப் போட்டிருந்தால் குடை மேலே இருந்தாலென்ன, கீழே இருந்தாலென்ன? சரியான விடை மட்டுமே உள்ள புத்தகத்தோடு ஒரு பிள்ளை சண்டை போட முடியாது. இந்தக் கடிதத்தோடு முடிகிறது, எழுதியவர் கொடுத்த ஆயுதத்தை வைத்தே. தப்பு செய்தது ரூசோகூட இல்லை. "திருப்பிப் பிடி" என்று சொன்னது நான். புக்கில் உள்ளபடி எழுது என்பதைக் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் எல்லோர் முன்னாலும் அவள் சொன்னதுதான் சரி என்று சொன்னேன். அவள் பெரிதாகச் சந்தோஷப்படவில்லை. "எல்லாப் பூவும் அப்படியா மிஸ்?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் 'குடை மேல', மறுபக்கம் 'குடை கீழ' என்று எழுதிக்கொண்டாள். மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். அவரை, துவரை, தட்டைப்பயறு எல்லாம் மேல. நிலக்கடலை யார் வீட்டுக் காட்டிலோ பூத்திருந்தது, மேல. பூ வெளிச்சத்தில் பூத்துவிட்டுக் காய் மட்டும் எப்படி மண்ணுக்குள் போகிறது என்று இன்னொரு தகராறு கிளம்பி, அதற்கு ஒரு முழுச் சனிக்கிழமை போயிற்று. விழுது இறங்குவதை ஒரு பையன் செடியோடு பிடுங்கிக்கொண்டு வந்து காட்டினான். அவன் அப்பாவிடம் உதை வாங்கியிருப்பான். ரொபேர் எல்லா ஊரிலும் இருக்கிறார், அவர் பக்கம் நியாயமும் இருக்கிறது.

மொட்டாக இருக்கும்போதே சங்குப்பூ திரும்பி இருக்கிறதா, விரியும்போதுதான் திரும்புகிறதா என்று பார்க்க ஏழெட்டு மொட்டுகளில் அந்தப் பெண் சிவப்பு நூல் கட்டி வைத்திருந்தாள். அந்த வாரம் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட யாரோ வருகிறார்கள் என்று வேலியைச் சுத்தம் செய்து சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். கொடி போய்விட்டது. என் சிநேகிதிக்கு நூல் விஷயம் தெரியாது, தெரிந்திருந்தால் தடுத்திருப்பாளா என்று நான் கேட்கவில்லை. நான் போனபோது சுவரோரம் காய்ந்த கொடியின் குவியலில் சிவப்பு நூல் கொஞ்சம் தெரிந்தது. எமீல் மாதிரி அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சங்குப்பூ இருக்கிறதாம், அதில் மறுபடி கட்டப்போவதாகச் சொல்லிவிட்டு நோட்டை நீட்டினாள்.

'குடை கீழ' என்ற பக்கத்தில் இன்னும் சங்குப்பூ மட்டும்தான் இருந்தது. கோட்டின் மேலேயே, இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல், பென்சிலால் எழுதியிருந்தாள்: அகத்தி. தொங்குது. மேல எது கீழ எதுன்னு தெரியல.